ஸ்டேட் எஸ்டிமேட்டருக்குள் பக்கத்து கிரிட் எவ்வளவு தூரம் வர வேண்டும்?

மின்பொறியியல் முதுகலை மாணவர் ஒருவரின் கேள்வி, சுருக்கமாக: "ஒவ்வொரு துணைமின் நிலையத்திலிருந்தும் சில விநாடிக்கு ஒருமுறை ஸ்காடாவில் அளவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அப்புறம் ஸ்டேட் எஸ்டிமேஷன் எதற்கு? பல நிறுவனங்களின் கிரிட்டுகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்போது பக்கத்து நிறுவனத்தின் பகுதியை நம் மாடலில் எவ்வளவு சேர்ப்பது?"

ஸ்காடா என்பது துணைமின் நிலையங்களின் அளவுகளைத் தொலைவிலிருந்து திரட்டும் கணினி அமைப்பு. அந்த அளவுகளிலிருந்து கிரிட்டின் உண்மை நிலையை மதிப்பிடும் நிரல்தான் ஸ்டேட் எஸ்டிமேட்டர். முதல் கேள்விக்குப் பதில் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாவதுதான் வேலையில் சேர்ந்த பிறகு தலைவலி தருவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அல்காரிதத்தின் அடிப்படை ஐம்பது வருடத்துக்கு முன்பே தீர்ந்துபோன விஷயம். எஸ்டிமேட்டர் படுத்துக்கொள்வது பெரும்பாலும் எல்லைப் பகுதியில்தான். அதுவும் கணக்கு தப்பாகி அல்ல, எந்த லைன் சர்வீஸில் (இணைப்பில்) இருக்கிறது, எது இல்லை என்ற தகவல் வந்து சேராமல்.

ஸ்காடா தருவது அளவீடுகள். சி.டி., பி.டி. (மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்கத்தக்க அளவுக்குக் குறைப்பவை), டிரான்ஸ்டியூசர் (அதைச் சிக்னலாக மாற்றுவது), ஆர்.டி.யூ. (நிலையத்திலிருந்து தரவை அனுப்பும் பெட்டி), தொலைத்தொடர்பு என்று ஐந்து கை மாறித்தான் ஒரு எண் கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு வருகிறது. வழியில் கொஞ்சம் சிந்தாமல் இருக்காது. ஒரு சுவிட்சிங் ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜெனரேட்டரும் இல்லை, லோடும் இல்லை, மூன்று லைன்கள் மட்டும். முதல் லைனில் 212 மெகாவாட் உள்ளே வருகிறது என்கிறது திரை. இரண்டாவதில் 131, மூன்றாவதில் 75 வெளியே போகிறது. போவதைக் கூட்டினால் 206. மீதி 6 மெகாவாட் எங்கே? லைன்கள் வந்து சேரும் கடத்தியான பஸ்பாரில் தேங்கி நிற்க வழியில்லை. ஆக மூன்றில் ஒன்றாவது தப்பு. எது என்று தெரிய முதல் லைனின் மறுமுனை மீட்டரைப் பார்க்கிறோம். அது 207 அனுப்புவதாகச் சொல்கிறது, லைன் இழப்பு சுமார் 1. அப்படியென்றால் இந்த முனைக்கு 206தான் வந்திருக்க வேண்டும். 212 காட்டும் மீட்டர் மேல் சந்தேகம் விழுகிறது.

ஒரே ஸ்டேஷன் என்றால் அனுபவமுள்ள ஆபரேட்டர் இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஆயிரக்கணக்கான பஸ்களுக்கு (லைன்கள் சந்திக்கும் புள்ளிகளுக்கு) யாராலும் முடியாது. எஸ்டிமேட்டர் மொத்த கிரிட்டுக்கும் இதே விசாரணையை ஒரே கணக்காகச் செய்கிறது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் அதன் தரத்துக்கேற்ப ஓர் எடை தரப்படுகிறது. திட்டவிலக்கத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக அந்த எடை இருக்கும். ஒரே ஓட்டத்தை 2 மெகாவாட் திட்டவிலக்கமுள்ள மீட்டர் 200 என்றும் 4 மெகாவாட் உள்ள மீட்டர் 210 என்றும் சொன்னால், எடை 4-க்கு 1. விடை 202 வரும், 205 அல்ல.

கணக்கில் தேடப்படுவது மெகாவாட் அல்ல என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு பஸ்ஸின் மின்னழுத்தமும் அதன் கோணமும்தான் (அந்த மின்னழுத்த அலை எவ்வளவு முந்தி அல்லது பிந்தி இருக்கிறது என்பது) 'ஸ்டேட்'. ஒரு பஸ்ஸின் கோணத்தைச் சுழி என்று வைத்துக்கொள்வதால், 1,000 பஸ் இருந்தால் 1,999 தெரியாத எண்கள். அவை கிடைத்துவிட்டால் மீட்டரே இல்லாத லைனில் எவ்வளவு ஓடுகிறது என்பது வரை கணக்கிட்டுவிடலாம். அளவீடுகள் அதைவிடக் கணிசமாக அதிகமாக இருக்க வேண்டும். அந்த உபரிதான் எஸ்டிமேட்டரின் பலம். உபரி இல்லாத இடத்தில் ஒரே ஒரு மீட்டரை நம்பி ஒரு பஸ்ஸின் கோணம் நிற்கும். அந்த மீட்டர் பொய் சொன்னாலும் ரெசிடுவல், அதாவது அளவுக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசம், சுழியாகவே இருக்கும். பொய்யைக் கண்டுபிடிக்கவே முடியாது. புதிதாக வருபவர்கள் "ரெசிடுவல் சுழி, அருமையான மீட்டர்" என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

இந்த வழியை முறையாக எழுதிக் காட்டியவர் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஃப்ரெட் ஷ்வெப்பி. 1965 நவம்பர் 9 அன்று வடகிழக்கு அமெரிக்காவிலும் ஒன்டாரியோவிலும் சுமார் 3 கோடி பேருக்கு மின்சாரம் போனது. கட்டுப்பாட்டு அறைகளுக்குக் கணினிகள் வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு வலுத்தது. ஆரம்பத்தில் வந்த அளவுகளை அப்படியே லோட் ஃப்ளோ (உற்பத்தியையும் லோடையும் தந்தால் எந்த லைனில் எவ்வளவு ஓடும் என்று கணக்கிடும்) நிரலுக்குள் போட்டுப் பார்த்தார்கள். லோட் ஃப்ளோ கேட்பது தேவையான எண்ணிக்கை உள்ளீடுகளை மட்டும். ஒன்று தப்பானாலும் முழு விடையும் கெடும், ஒன்று வராவிட்டால் விடையே வராது. 1970-இல் வெளியான தன் கட்டுரைகளில் ஷ்வெப்பி, கிடைத்த எல்லா அளவீட்டையும் ஒன்றாகப் போட்டு, காஸ் காலத்து மீச்சிறு வர்க்க முறையால் பொருத்திக் காட்டினார். கெட்ட தரவைக் கண்டுபிடித்து நீக்குவதும் அதிலேயே இருந்தது. இன்றைய மென்பொருள்களும் இதே எலும்புக்கூட்டின் மேல்தான் நிற்கின்றன.

கெட்ட தரவு என்றதும் ஒன்று. மூன்றாவது லைனில் சி.டி.யைத் தலைகீழாக இணைத்துவிட்டார்கள் என்று வையுங்கள் (புது ஃபீடர் சர்வீஸுக்கு வரும்போது நடக்கிற கூத்துதான்). 75 வெளியே என்பது 75 உள்ளே என்று வரும். கணக்கு 156 மெகாவாட் இடிக்கும், சுற்றியிருக்கும் நல்ல மீட்டர்கள் எல்லாம் சேர்ந்து அந்த ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லா ரெசிடுவலையும் ஒன்றாகப் பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனை "ஏதோ தப்பு" என்று சொல்லும். ரெசிடுவலை அதன் திட்டவிலக்கத்தால் வகுத்துப் பார்த்தால் "இதுதான்" என்று தெரியும். மீட்டர் பொய்யைச் சமாளிப்பதில் எஸ்டிமேட்டர் கெட்டிக்காரன்.

மாடலே பொய் சொன்னால் கதை வேறு. ஒரு லைன் நிஜத்தில் டிரிப் ஆகி, அதாவது தானாகத் துண்டிக்கப்பட்டு, போய்விட்டது, மாடலில் மட்டும் சர்வீஸில் இருக்கிறது. இப்போது எல்லா மீட்டரும் உண்மை சொல்கின்றன. ஆனால் அந்த உண்மைகள் இல்லாத ஒரு லைனோடு ஒத்துப்போகவில்லை. எஸ்டிமேட்டர் கோணங்களை வளைத்து எப்படியாவது பொருத்தப் பார்க்கும். அக்கம்பக்கத்து ரெசிடுவல்கள் எல்லாம் வீங்கும். நல்ல மீட்டர்களையே கெட்டவை என்று தள்ளும். கடைசியில் கணக்கு ஒரு விடையில் வந்து நிற்காமலே போகலாம். அந்த லைனின் இரு முனை மீட்டர்களும் நம் கையில் இருந்தால் இரண்டும் சுழி காட்டுவதை வைத்துப் பிடித்துவிடலாம். அது பக்கத்து நிறுவனத்தின் லைனாக, அளவும் பிரேக்கர் நிலையும் (லைனை இணைக்கும் சுவிட்ச் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது) நமக்கு வராததாக இருந்தால்?

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவில் நடந்தது இதேதான். அன்றைய மின்தடை சுமார் 5 கோடி பேரைப் பாதித்தது. வெட்டப்படாத மரங்களும், ஓஹையோவின் ஃபர்ஸ்ட்எனர்ஜி கட்டுப்பாட்டு அறையில் பிற்பகல் 2:14-க்குச் செத்துப்போன அலார நிரலும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வட்டாரத்துக்கு மேற்பார்வை பார்த்த மைசோ என்ற அமைப்பின் ஸ்டேட் எஸ்டிமேட்டர் அன்று மதியம் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அமெரிக்க-கனடா கூட்டுக்குழுவின் அறிக்கையில் அது நிமிஷக் கணக்கில் இருக்கிறது.

பகல் 12:15-க்கு எஸ்டிமேட்டர் ஏற்க முடியாத அளவு இடிப்போடு ஒரு விடை தந்தது. காரணம், சினர்ஜி நிறுவனத்தின் புளூமிங்டன்-டெனாய்ஸ் கிரீக் 230 கிலோவோல்ட் லைன். அது சர்வீஸில் இல்லை. ஆனால் அதன் நிலையை எஸ்டிமேட்டரோடு தானாக இணைக்கும் வேலை அதுவரை முடிந்திருக்கவில்லை. பகுப்பாய்வாளர் கையால் திருத்தினார். 1 மணிக்கு நல்ல விடை வந்தது, 1:07-க்கு கன்டிஞ்சன்ஸி கணக்கும் (ஒரு லைன் போனால் என்ன ஆகும் என்று பார்ப்பது) ஓடியது. கோளாறைத் தேடும்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எஸ்டிமேட்டரைத் தானாக ஓட்டும் டிரிகரை அணைத்து வைத்திருந்தார். அதை மறுபடி போட மறந்து சாப்பிடப் போய்விட்டார். கேட்டவர்களுக்கு இந்த இடம் மட்டும் மனதில் தங்கிவிடுகிறது, பாவம். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு நடந்தது.

சுமார் 2:40-க்கு விஷயம் தெரிந்து டிரிகரைப் போட்டார்கள். எஸ்டிமேட்டர் மறுபடி விடை தரவில்லை. இதற்கிடையே 2:02-க்கு ஸ்டூவர்ட்-அட்லான்டா 345 கிலோவோல்ட் லைன் டிரிப் ஆகியிருந்தது. (இந்த அட்லான்டா ஜார்ஜியா மாநிலத் தலைநகர் அல்ல, தெற்கு ஓஹையோவில் இருக்கும் துணைமின் நிலையம்.) லைன் டேட்டன் பவர் அண்ட் லைட் நிறுவனத்தின் பகுதியில் இருந்தது, அதை மேற்பார்த்தது மைசோ அல்ல, பி.ஜே.எம். என்ற பக்கத்து அமைப்பு. அந்த லைன் போனால் மைசோவின் லைன்களில் ஓட்டம் மாறும். ஆனால் அதன் நிலை மைசோவின் மாடலுக்குத் தானாக வரவில்லை. 3:09-க்குப் பொறியாளர் அந்த லைன்மேல் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, ஆபரேட்டர் அது சர்வீஸில்தான் இருக்கிறது என்று தவறாகச் சொன்னார். அதை நம்பி, லைன் இருப்பதாகவே வைத்து இருபது நிமிஷம் முட்டிப் பார்த்தார்கள். 3:29 வாக்கில் பி.ஜே.எம்.-க்கு போன் போட்டு விசாரித்த பிறகே உண்மை தெரிந்தது. கன்டிஞ்சன்ஸி கணக்கு 3:41-க்கு ஓடியது. அதற்குள் ஓஹையோவில் சேம்பர்லின்-ஹார்டிங், ஹானா-ஜூனிபர் என்ற இரண்டு 345 கிலோவோல்ட் லைன்கள் மரத்தில் பட்டுப் போய்விட்டன, மூன்றாவதான ஸ்டார்-சவுத் கான்டன் அதே 3:41-க்குப் போனது. எஸ்டிமேட்டர் முழுமையாகத் தானியக்கத்துக்குத் திரும்பியபோது மணி 4:04. சரிவு தொடங்க இரண்டு நிமிஷம்தான் இருந்தது.

ஸ்டூவர்ட்-அட்லான்டா போனதால் மின்தடை வரவில்லை. மின்சாரத்தைப் பொறுத்தவரை அது ஓரத்துச் சம்பவம். ஆனால் அந்த ஒரு லைனின் 'இருக்கிறது/இல்லை' தெரியாததால் ஒரு பெரிய வட்டாரத்தின் கண்ணே மறைந்தது. அளவீட்டு உபரி எவ்வளவு இருந்தாலும் இதற்கு மருந்தாகாது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. பக்கத்து கிரிட்டை மாடலில் வைக்க நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. எளிதானது டை லைனிலேயே (இரு நிறுவனங்களின் கிரிட்டை இணைக்கும் லைனிலேயே) வெட்டுவது. டை லைனில் மீட்டர் காட்டும் மெகாவாட்டை எல்லைப் பஸ்ஸில் ஓர் இன்ஜெக்‌ஷனாக வைத்துவிட்டால், அதாவது அந்தப் பஸ்ஸில் அவ்வளவு மின்சாரம் புகுகிறது அல்லது வெளியேறுகிறது என்று எழுதிவிட்டால், வேலை முடிந்தது. நம் பகுதியின் இப்போதைய நிலையை மதிப்பிட இது போதும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள், உண்மையிலேயே போதும். ஓட்டை அடுத்த படியில் இருக்கிறது. எஸ்டிமேட்டரின் விடையை யாரும் அழகு பார்க்க எடுப்பதில்லை. "இந்த லைன் இப்போது போனால் என்ன ஆகும்" என்ற கன்டிஞ்சன்ஸி கணக்குக்கு அதுதான் தொடக்கப்புள்ளி. நம் 400 கிலோவோல்ட் லைன் போனால் அதன் ஓட்டத்தில் ஒரு பங்கு ஒரு டை லைன் வழியாக வெளியே போய், பக்கத்து கிரிட்டைச் சுற்றி, இன்னொரு டை லைன் வழியாக உள்ளே வரும். எல்லையை நிலையான எண்ணாக உறையவைத்த மாடலில் அந்தச் சுற்றுவழியே கிடையாது. மிச்சமிருக்கும் நம் லைன்களில் வராத ஓவர்லோடு வரும் என்று கணக்கு பயமுறுத்தலாம், டை லைனில் வரப்போவதைக் காட்டாமலும் விடலாம்.

இரண்டாவது, சமானம். 1949-இல் ஜே. பி. வார்ட் காட்டிய வழி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பக்கத்து கிரிட்டின் உட்பஸ்களைச் சமன்பாடுகளிலிருந்து நீக்கினால், எல்லைப் பஸ்களுக்கிடையே சில கற்பனை லைன்களும் இன்ஜெக்‌ஷன்களும் மிஞ்சும். மெகாவாட் சுற்றுவழி இப்போது ஓரளவு சரியாக வரும். ஆனால் சுருக்கும்போது அங்கே எந்தெந்த லைன்கள் சர்வீஸில் இருந்தனவோ அந்த நிலை சமானத்துக்குள் உறைந்துவிடுகிறது. பிறகு அங்கே ஒரு முக்கியமான லைன் போனால் அதைத் திருத்த மாடலில் ஒரு பிரேக்கர்கூட இருக்காது. அங்குள்ள ஜெனரேட்டர்கள் மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிப்பதும் எளிய வார்ட் சமானத்தில் காணாமல் போகும், அதனால் ரியாக்டிவ் பவர் (மின்னழுத்தத்தைத் தாங்க உதவும், வேலை செய்யாத மின்திறன்) கணக்கை அதிகம் நம்பக் கூடாது.

மூன்றாவது, பக்கத்து கிரிட்டை, குறைந்தது நம்மைப் பாதிக்கும் ஆழம் வரை, சுருக்காமல் உள்ளபடி வைத்து, அளவுகளையும் பிரேக்கர் நிலைகளையும் அவர்களிடமிருந்தே ஐ.சி.சி.பி. (கட்டுப்பாட்டு மையங்கள் தரவு பரிமாறும் நெறிமுறை) இணைப்பில் வாங்குவது. என் வாக்கு இதற்குத்தான். எவ்வளவு ஆழம் என்பதற்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. அங்கே ஒவ்வொரு லைனையும் மாடலில் திறந்து பாருங்கள். நம் டை லைன்களிலும் உள் லைன்களிலும் ஓட்டம் குறிப்பிடத்தக்க அளவு மாறினால் அந்த லைன் மாடலுக்குள் இருந்தே ஆக வேண்டும், அதன் நிலையும் தானாக வந்தாக வேண்டும். ஸ்டூவர்ட்-அட்லான்டா இந்தச் சோதனையில் முதலிலேயே மாட்டியிருக்கும்.

"பெரிய வோல்டேஜ் லைன்கள் மட்டும் போதாதா?" என்று கேட்பீர்கள். 2011 செப்டம்பர் 8-க்குப் பிறகு அந்தக் கேள்வியை அமெரிக்காவில் யாரும் தைரியமாகக் கேட்பதில்லை. அன்று பிற்பகல் 3:27-க்கு அரிசோனாவில் ஹசயம்பா-நார்த் கிலா 500 கிலோவோல்ட் லைன் போனது. அது சுமந்த மின்சாரத்தில் ஒரு பங்கு இம்பீரியல் பள்ளத்தாக்கின் 92 கிலோவோல்ட் பிணையத்துக்குள் புகுந்தது. கோச்செல்லா வேலி நிலையத்தில் 230/92 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள் ஓவர்லோடில் டிரிப் ஆயின. பதினோரு நிமிஷத்தில் சான் டியேகோ இருண்டது. சுமார் 27 லட்சம் இணைப்புகள். 100 கிலோவோல்ட்டுக்குக் கீழே உள்ளது உள்ளூர் சமாச்சாரம் என்று அதைப் பல நிறுவனங்கள் தங்கள் மாடலில் சரியாக வைத்திருக்கவில்லை. பெரிய லைனுக்கு இணையாக ஓடும் சின்னப் பிணையம் மாடலுக்குள் வர வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

அதற்காக எல்லாவற்றையும் அள்ளிப் போடுவதும் ஆபத்துதான். பக்கத்து கிரிட்டில் அளவு வராத லோடுகளுக்குப் பழைய பதிவிலிருந்து உத்தேச எண்கள் வைப்போம். அவற்றுக்கு நல்ல மீட்டருக்குச் சமமான எடை தந்துவிட்டால், அங்குள்ள ஊகம் எல்லையைத் தாண்டி நம் நல்ல அளவுகளைக் கெடுக்கும். எடையைத் தாராளமாகக் குறையுங்கள். எல்லைப் பஸ்களில் மட்டும் இரட்டிப்பு அளவீடு கேட்டு வாங்குங்கள்: டை லைனின் இரு முனை மெகாவாட், மெகாவார் (ரியாக்டிவ் பவரின் அலகு), இரண்டு பஸ்ஸின் மின்னழுத்தம். அங்கே உபரி இருந்தால் அந்தப் பக்கத்துக் குப்பை இந்தப் பக்கம் வராது.

எழுத்தர் வேலை மாதிரித் தெரியும் இரண்டு விஷயங்களில்தான் ஆட்கள் நாள்கணக்கில் மாட்டுகிறார்கள். ஒன்று குறி. ஒரு டை லைனில் இரண்டு நிறுவனமும் "என்னிடமிருந்து வெளியே போவது பிளஸ்" என்று வைத்திருக்கும். அவர்கள் அனுப்பும் −180-ஐ நம் முனையின் எண்ணாக நினைத்து இணைத்தால் எல்லை முழுக்க இடிக்கும். மற்றது பெயர். ஒரே லைனுக்கு இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர். அங்கே பஸ் பிரிக்கப்பட்டு எண் மாறியிருக்கும், நம் பட்டியல் பழையதாகவே இருக்கும். புளூமிங்டன்-டெனாய்ஸ் கிரீக் விஷயத்தில் விட்டுப்போனது இந்த இணைப்பு வேலைதான். ஐ.இ.சி. 61970 என்ற பொது மாடல் தரம் வந்ததற்கு இந்த வலியும் ஒரு காரணம்.

இந்தியாவில் இதை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல சந்தர்ப்பம் இருக்கிறது. 2013 டிசம்பர் 31 வரை தென்மண்டல கிரிட், நாட்டின் மற்ற பகுதியோடு தால்ச்சேர்-கோலார் போன்ற எச்.வி.டி.சி. (உயர் மின்னழுத்த நேர்மின்) இணைப்புகள் வழியாக மட்டுமே சேர்ந்திருந்தது. எச்.வி.டி.சி.யில் எவ்வளவு ஓட வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் தீர்மானிக்கிறது; வடக்கே ஒரு லைன் போனால் அந்த ஓட்டம் தானாக இங்கே திரும்பாது. அதனால் எல்லையில் வெட்டி இன்ஜெக்‌ஷன் வைப்பது நியாயமான மாடல். அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் ஏ.சி. லைன் சேர்ந்ததும் சுற்றுவழி பிறந்துவிட்டது. மேற்கு மண்டலத்தின் பிரேக்கர் நிலை தெற்கின் கணக்குக்கும் வேண்டியதாயிற்று. இலங்கைக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, அதன் கிரிட் யாரோடும் இணையவில்லை.

பி.எம்.யூ. வந்துவிட்டதே என்று ஒரு கேள்வி அடுத்து வரும். வர்ஜீனியா டெக்கில் அருண் ஃபட்கேவும் ஜேம்ஸ் தார்ப்பும் 1988 வாக்கில் உருவாக்கிய இந்தக் கருவி, ஜி.பி.எஸ். நேரத்தை வைத்துக் கோணத்தை நேரடியாக அளக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு மைக்ரோவிநாடிப் பிழை என்பது 0.018 டிகிரிதான். இணைந்த கிரிட்டுகளுக்கு இதன் பெரிய உபகாரம், ஒவ்வொரு நிறுவனமும் தன் பகுதியைத் தானே மதிப்பிட்டு, தனித்தனிச் சுழிக்கோணத்தோடு வரும் விடைகளை ஒரே அச்சில் பொருத்திக்கொள்ளலாம் என்பது. பி.எம்.யூ. இல்லாமலும் டை லைன் பஸ்களின் கோண வித்தியாசத்தை வைத்து இதைச் செய்யலாம், ஆனால் எல்லைப் பிழை அப்படியே உள்ளே வரும். எல்லாத் தரவையும் ஒரே இடத்தில் கொட்டி ஒரே கணக்காகப் போடுவதா, பகுதி பகுதியாகப் போட்டு மேலே ஒட்டுவதா என்ற சண்டையில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை; இரண்டும் ஓடும். யாரிடம் யாருடைய பிரேக்கர் நிலை இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

நீங்கள் பிராஜெக்ட் செய்யப் போவதாக எழுதியிருப்பதால், பெரிய தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஐ.இ.இ.இ. 14-பஸ் மாடல் என்ற சோதனை கிரிட்டையும் பைத்தானில் பாண்டாபவர் என்ற நிரல்தொகுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடும் கெட்ட தரவுச் சோதனையும் அதிலேயே இருக்கின்றன. 1 முதல் 5 வரையுள்ள பஸ்கள் உங்கள் நிறுவனம், 6 முதல் 14 வரை பக்கத்து நிறுவனம். இரண்டையும் இணைப்பவை 4-7, 4-9, 5-6 என்ற மூன்று டிரான்ஸ்ஃபார்மர்கள் மட்டுமே. லோட் ஃப்ளோ ஓட்டி, விடையில் சிறு பிழை கலந்து அளவீடுகளைத் தயார் செய்யுங்கள். லோட் ஃப்ளோவை ஓட்டும்போது 9-14 லைனைத் திறந்து வையுங்கள், எஸ்டிமேட்டரின் மாடலில் அதே லைனை மூடியே விடுங்கள், அதற்கு மீட்டர் எதுவும் தர வேண்டாம். எந்த அளவீட்டை நிரல் கெட்டது என்று தள்ளுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்துப் பகுதியின் அளவீடுகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் அந்த எச்சரிக்கை நின்றுபோகிறது என்று பாருங்கள். 7-ஆம் பஸ்ஸில் லோடும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. அதன் சுழி இன்ஜெக்‌ஷனைச் சேர்த்தும் நீக்கியும் ஓட்டிப் பார்த்தால் எல்லையில் ஒரு நம்பகமான எண் என்ன செய்யும் என்பதும் தெரிந்துவிடும்.